பெர்செர்க்கை ஒரு ரசிகன் எப்படி எடை போடுவது?

கேள்வி இதுதான்: "பெர்செர்க் 1997 சீரிஸை ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன். கடைசி எபிசோடுக்குப் பிறகு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மாஸ்டர்பீஸ் என்கிறார்கள். கூடவே பார்த்த என் தோழியோ, இது வெறும் வக்கிரம், இதைப் போய் ரசிக்கிறாயே என்று திட்டிவிட்டாள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் நீண்டநாள் ரசிகர். நேர்மையாகச் சொல்லுங்கள், இது நல்ல படைப்பா, இல்லை நமக்கு ரத்தம் பழகிவிட்டதா?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பெர்செர்க் என்பது கட்ஸ் என்ற கூலிப்படை வீரனைப் பற்றிய ஜப்பானியச் சித்திரக்கதை (மங்கா), 1997 சீரிஸ் அதன் அனிமே வடிவம். பதில் முழுக்க ஸ்பாய்லர். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 18 வயது ஆகாதவர்கள் பதிலோடு சேர்த்து சீரிஸையும் தள்ளிப்போடலாம், அவசரம் ஒன்றுமில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இதை முதலில் பார்த்தது கல்லூரி ஹாஸ்டலில், யாரோ கொடுத்த பென்டிரைவில். சப்டைட்டில் வசனத்துக்கு இரண்டு நொடி முந்தி ஓடும். அப்போது எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம்: காட்டில் கட்ஸ் தனியாளாக நின்று நூறு பேரோடு மோதுகிற சண்டை. அறையில் இருந்த ஆறு பேரும் விசிலடித்தோம். உங்கள் தோழி எப்படிப்பட்ட ஆளை நினைத்துக் கவலைப்படுகிறாரோ, அந்த ஆள் நான்தான்.

பத்து வருடம் கழித்து மறுபடி பார்த்தேன். நூறு பேர் சண்டை வந்தது, போனது. அதற்கு முன்பே வேறோர் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அடோனிஸ் என்ற சிறுவன் சாகும் இடம். முதல் தடவை பார்த்தபோது அந்தப் பையன் சீரிஸில் இருந்ததே எனக்கு மனதில் நிற்கவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்ஸ் இருக்கும் பருந்துப் படையின் தலைவன் கிரிஃபித் மேலே போக வேண்டும். மன்னரின் தம்பி ஜூலியஸ் குறுக்கே நிற்கிறான், அவனைக் கொல்லச் சொல்லி கிரிஃபித் கட்ஸை அனுப்புகிறான். கட்ஸ் இரவில் போய் வேலையை முடிக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறக்கிறது. யார் என்று பார்ப்பதற்குள் கை தானாக வாளை நீட்டிவிடுகிறது. நிற்பது ஜூலியஸின் மகன். சற்று முன்புதான் அந்தப் பையன் அப்பாவிடம் வாள் பயிற்சியில் அடிவாங்குவதைப் பார்த்திருப்போம். கட்ஸும் அப்படி வளர்ந்தவன்தான். தூக்கிலிடப்பட்டவளின் பிணத்திலிருந்து பிறந்து, கம்பினோ என்ற கூலிப்படைக்காரனிடம் தன் உயரத்தை மீறிய வாளைப் பிடிக்கக் கற்று, அடிபட்டு வளர்ந்தவன். அவன் குத்தியது தன்னையே. செத்துக்கொண்டிருக்கும் பையன் கையை நீட்டுகிறான், கட்ஸ் பிடித்துக்கொள்கிறான். வசனம் கிடையாது.

அதோடு விட்டிருந்தால் சோகமான காட்சி என்று ஒதுக்கிவிடலாம். அதே இரவு, காயத்தோடும் சாக்கடை நாற்றத்தோடும் திரும்பி வருகிறவன், கிரிஃபித் இளவரசியிடம் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்க நேர்கிறது. என் பின்னால் வருகிறவர்கள் என் நண்பர்கள் அல்லர், தனக்கென்று ஒரு கனவு வைத்துக்கொண்டு அதற்காக என்னையும் எதிர்த்து நிற்கத் துணிகிறவனே எனக்கு நண்பன் என்கிறான் கிரிஃபித். யாருக்காகச் சற்று முன் ஒரு குழந்தையைக் கொன்றானோ, அவன் வாயிலிருந்தே 'நீ என் நண்பன் இல்லை' என்ற தீர்ப்பு. கட்ஸ் படையை விட்டு விலகுவது இதனால்தான். அவன் விலகியதால் கிரிஃபித் நிலைகுலைந்து இளவரசியின் அறைக்குப் போகிறான். அதனால் சிறை, ஓராண்டுச் சித்திரவதை, வெட்டப்பட்ட நரம்புகள், அறுக்கப்பட்ட நாக்கு. அங்கிருந்து கிரகணம், அதாவது அசுர வல்லமை பெறுவதற்காக கிரிஃபித் தன் படையையே அசுரர்களுக்குப் பலிகொடுக்கும் இடம்.

யார் கொன்றது என்று ஊரில் யாருக்கும் தெரியாமல் போன ஒரு குழந்தையின் சாவு, கடைசி எபிசோடு வரை கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வன்முறை மிகுந்த சீரிஸ்களை எடை போட நான் வைத்திருக்கும் கல் இதுதான்: தான் சிந்திய ரத்தம் கதைக்கு நினைவிருக்கிறதா? எவ்வளவு ரத்தம், எவ்வளவு கோரம் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அடுத்த எபிசோடில் எல்லோரும் குளித்து முடித்து வந்து நிற்கிறார்களா, இல்லை அந்தக் கறை யார் கையிலாவது ஒட்டிக்கொண்டே இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்தக் கல்லில் நிற்காதது எப்படியிருக்கும் என்றும் சொல்கிறேன். 2004இல் வந்த எல்ஃபன் லீட். 13 எபிசோடு. லத்தீன் மொழிப் பாட்டு, கிளிம்ட் ஓவியச் சாயலில் தொடக்கக் காட்சிகள், அதெல்லாம் அழகு, மறுக்கவில்லை. முதல் எபிசோடில் கிஸராகி என்றொரு பெண் வருவாள். தடுக்கி விழுவாள், வேலையில் சொதப்புவாள், நமக்குச் சிரிப்பு வரும். சில நிமிடங்களில் தலை பிய்த்து எறியப்படும். அவளை நமக்குப் பிடிக்க வைத்ததே அந்தத் தலையை உருட்டத்தான். நாம் அதிர்ந்தாயிற்று, அவள் வேலை முடிந்தது, கதை அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுகிறது. நாய்க்குட்டியை அடித்துக் கொல்லும் காட்சியும் எனக்கு இதே ரகம்தான். அந்த சீரிஸின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நானும் அதைப் பார்த்து அழுதவன்தான். அழுகை வந்துவிட்டதாலேயே அது நல்ல கதை ஆகிவிடாது. வெங்காயம் நறுக்கினாலும்தான் வருகிறது.

உங்களைத் தூங்கவிடாமல் செய்த கிரகணத்துக்கு வருகிறேன். மொத்தம் 25 எபிசோடு, 1997 அக்டோபர் முதல் 1998 மார்ச் வரை ஜப்பானில் ஒளிபரப்பானது. முதல் எபிசோடில் ஒற்றைக்கண்ணோடும் இரும்புக்கையோடும் ஒருவன் வந்து ஓர் அசுரனைக் கொல்கிறான். இரண்டாவதிலிருந்து கதை பின்னோக்கிப் போய்விடுகிறது. அதன்பின் ஸாட் என்ற அசுரன் தலைகாட்டும் இடங்களைத் தவிர்த்தால் பெரும்பாலும் மனிதர்கள்தான். முற்றுகை, சம்பள நாள், கிண்டல், பொறாமை, காய்ச்சல். ஜூடோ கத்தி எறிகிறான், கோர்கஸ் முணுமுணுக்கிறான், பிப்பின் பேசாமல் நிற்கிறான். கிரகணத்துக்கு மிஞ்சுவது கடைசிச் சில எபிசோடுகள். அதற்குள் அந்தப் படையில் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நமக்குப் பழக்கமாகிவிடுகிறது.

பரணி படித்தவர்களுக்கு இந்தக் காட்சியின் வடிவம் புதிதல்ல. போர்க்களத்தில் பேய்கள் கூடி, பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, வயிறு புடைக்க உண்டு கூத்தாடும். அங்கே அது வென்றவனின் புகழ். செத்தவர்களுக்கு முகம் கிடையாது, நாமும் பேய்களோடு சேர்ந்து சிரிக்கலாம். கிரகணத்தில் விருந்து அதேதான், இலையில் இருப்பவர்களை மட்டும் நமக்குத் தெரியும்.

இதில் தயாரிப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். இயக்குநர் நாவோஹிதோ தகஹாஷி கையில் பெரிய பணம் இருந்த மாதிரித் தெரியவில்லை. சண்டையில் பாதி அசையாத ஓவியங்கள். வாள் வீசுவதற்கு ஒரு படம், விழுவதற்கு ஒரு படம், நடுவில் ஒரு வெள்ளை மின்னல். இன்றைக்குச் சண்டைக்காட்சியே அனிமே என்று பழகியவர்களுக்கு இது குறையாகப் படும். குறைதான். ஆனால் கலை இயக்குநர் ஷிச்சிரோ கொபயாஷியின் பின்னணி ஓவியங்களோடு அந்த அசையாப் படங்கள் சேரும்போது, நடந்து முடிந்துவிட்ட ஒன்றை யாரோ நினைவுகூர்வது போலாகிவிடுகிறது. முழுக்கதையும் கட்ஸின் கடந்தகாலம்தானே. சுசுமு ஹிரசாவாவின் இசை இன்னொன்று. 'கட்ஸ்' என்ற அந்த மெதுவான துண்டு வருகிற இடங்களைக் கவனியுங்கள். அடிதடி நடக்கும்போது அல்ல, அடிதடி ஓய்ந்து ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுதான் அது அதிகம் உறைக்கிறது.

ரத்தம்தான் நமக்குப் பிடிக்கிறது என்றால் 2016, 2017இல் வந்த சீரிஸும் அதே அளவு பிடித்திருக்க வேண்டும். அதே கட்ஸ், அதே வாள், இன்னும் அதிக அசுரர்கள், இன்னும் அதிக வெட்டு. கணினியில் செய்த சிஜி உருவங்கள் மரப்பாச்சி போல நடக்கின்றன, கேமரா காரணமில்லாமல் சுற்றுகிறது, வாள் எதில் பட்டாலும் வாணலியைத் தட்டியது போல ஒரே 'டங்' சத்தம். ரசிகர்கள் அதை வைத்து இன்றுவரை கேலி செய்கிறார்கள். மூலக்கதையின் மிக இருண்ட பகுதிகளில் ஒன்றான 'தொலைந்த குழந்தைகள்' அத்தியாயத்தை அது தாண்டியே போய்விட்டது. ஆக உங்களுக்குப் பிடித்தது ரத்தம் அல்ல என்பதற்கு அந்த 24 எபிசோடே சாட்சி. இரண்டு எபிசோடு போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

2012, 2013இல் வந்த மூன்று படங்களின் கதை வேறு. பணம் இருந்தது, கிரகணத்தை இன்னும் பயங்கரமாக வரைந்தார்கள். ஆனால் நேரத்தை மிச்சம் பிடிக்க, குன்றின் மேல் கட்ஸும் காஸ்காவும் உட்கார்ந்து கீழே எரியும் முகாம் நெருப்புகளைப் பார்க்கும் காட்சியை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவனும் தன் சின்னக் கனவுத் தீயை கிரிஃபித்தின் பெரிய தீயில் கொண்டு போடுகிறான், தன் தீ மட்டும் அங்கே இல்லை என்று கட்ஸ் சொல்கிற காட்சி. அது இல்லாமல் கிரகணத்தைக் காட்டினால் என்ன அணைகிறது என்றே தெரியாது. வெறும் கசாப்பு. தவறு அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். 2022இல் அந்தப் படங்களை 13 எபிசோடாக மாற்றித் தொலைக்காட்சிக்குக் கொடுத்தபோது அந்தக் காட்சியைப் புதிதாகச் செய்து சேர்த்தார்கள்.

இவ்வளவு நேரம் வக்கீல் வேலை பார்த்துவிட்டேன். உங்கள் தோழி பக்கத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நான் மறுக்க முடியாத ஒன்று உண்டு, அதன் பெயர் காஸ்கா.

காஸ்கா பருந்துப் படையின் தளபதி. கிரிஃபித் சிறையிலிருந்த அந்த ஓராண்டு, வேட்டையாடப்பட்ட படையைச் சிதறாமல் கட்டிக்காத்தவள். ஜப்பானியக் குரல் யூகோ மியமுரா, எவாஞ்சலியன் அனிமேயில் அஸுகா என்ற பெண்ணுக்குப் பேசியவர். குரலில் அந்த அதட்டல் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட ஒருத்திக்குக் கதை கொடுக்கும் முடிவு என்ன? கிரகணத்தின் உச்சம் அவள்மீது நடக்கும் பாலியல் வன்கொடுமை. கட்ஸின் வலது கண் கடைசியாகப் பார்ப்பது அது. காட்சி அவன் கண் வழியே வருகிறது, அலறுவது அவன், பழிவாங்கப் புறப்படுவதும் அவன். நடந்தது அவளுக்கு. கதை அதை அவனுடைய காயமாக எழுதிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மங்காவில் அந்தப் பக்கங்களை அதை எழுதி வரைந்த மியுரா அழகு பார்த்து வரைந்திருக்கிறார் என்ற உறுத்தலும் எனக்கு உண்டு. 1997 சீரிஸ் அந்த விஷயத்தில் கொஞ்சம் அடக்கம்தான், ஆனால் பார்வை அதே பார்வை.

என் கல்லையே இங்கே வைத்துப் பார்க்கிறேன். ரத்தம் நினைவிருக்கிறதா? கட்ஸுக்கு நடந்தது கதைக்கு நன்றாக நினைவிருக்கிறது. மங்காவில் சிறு வயதில் அவனை மூன்று வெள்ளிக்காசுக்கு ஓரிரவு விற்றுவிடுகிறார்கள். வளர்ந்த பிறகும் யாராவது தொட்டால் அவன் உடம்பு விறைத்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட ஓர் ஆணை அந்தக் காலத்தில் இவ்வளவு பொறுப்பாக எழுதிய மங்கா குறைவு. அதே எழுத்தாளர் காஸ்காவுக்குச் செய்தது, நினைவையே பறித்துவிட்டது. கிரகணத்துக்குப் பின் அவள் மனம் கலங்கிக் குழந்தை போலாகிவிடுகிறாள். அவள் நினைவு திரும்பும் அத்தியாயம் 2018இல் வருகிறது. இருபது ஆண்டுக்கு மேல் அவளுக்குத் தன் கதையைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை. இடையில் மறுபடி மறுபடி அவளை ஆபத்தில் தள்ளி, கட்ஸ் வந்து காப்பாற்ற வைக்கிறார். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 'அந்த உலகம் அப்படி, இடைக்காலம் அப்படி' என்று ரசிகர்கள் சொல்கிற சாக்கு எனக்கு எப்போதும் மழுப்பலாகத்தான் தெரியும். கதை நடக்கும் மிட்லாண்ட் என்று ஒரு நாடே கிடையாது. அசுரர்களும் அவர்களுக்கு மேலே காட் ஹேண்ட் என்ற கூட்டமும் இருக்கிற உலகம். எதை எந்தக் கோணத்தில் வரைவது என்று முடிவெடுத்தது ஒரு மனிதர்.

அந்த மனிதரைக் குறை சொல்வது இப்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. கென்தாரோ மியுரா 1989இல் இதைத் தொடராகத் தொடங்கியவர், 2021 மே 6 அன்று தமனி கிழிந்து இறந்தார். வயது 54. கதை முடியவில்லை. பள்ளிக்காலத்திலிருந்து நண்பரான கோஜி மோரியிடம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு வரை சொல்லி வைத்திருந்தார். அந்த நினைவை வைத்து மோரியின் மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்கள் 2022 முதல் வரைகிறார்கள். நட்பு முறிந்ததைப் பற்றிய கதை, ஒரு நட்பை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைக்கும். அதனால் அவர் வரைந்தது எல்லாம் சரி என்று ஆகாது. மியுராவே அப்படி நினைத்ததில்லை. தொடரில் வெளிவந்த 83ஆம் அத்தியாயத்தை, கதையின் ரகசியத்தை அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டது என்று புத்தகத் தொகுப்பில் சேர்க்காமல் நீக்கியவர் அவர். தன் எழுத்தைத் தானே வெட்டியவருக்கு முன்னால் நாம் எதற்குக் காவல்காரர் வேடம் போட வேண்டும்?

இந்த இடத்தில் வின்லாண்ட் சாகா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகோதோ யுகிமுராவின் மங்கா, அனிமே 2019இலும் 2023இலும் 24 எபிசோடு வீதம் வந்தது. முதல் சீசனில் தோர்ஃபின் பழிவாங்கத் திரிகிறான், கொல்கிறான், நாமும் என் ஹாஸ்டல் அறை மாதிரி விசிலடிக்கிறோம். இரண்டாவது சீசனில் அவன் பண்ணை அடிமை. கனவில் அவன் கொன்றவர்கள் எல்லோரும் வந்து கால்களைப் பிடித்து இழுக்கிறார்கள். கடைசியில் மன்னனைச் சந்திக்க வேண்டி, திருப்பி அடிக்காமல் நூறு குத்துகளை வாங்கிக்கொண்டு நிற்கிறான். கட்ஸின் நூறு பேருக்கும் இந்த நூறு குத்துக்கும் யுகிமுரா முடிச்சுப் போட்டாரா தெரியாது, என் மண்டையில் விழுந்துவிட்டது, இனி அவிழாது. 'சண்டை எங்கே?' என்று அந்த சீசனைப் பாதியில் விட்டவர்கள் நிறைய. நமக்கு ரத்தம் பழகிவிட்டதா என்று கேட்டீர்களே, அதற்கு இது ஒரு சோதனை. அந்தப் பண்ணையில் கோதுமை வளர்கிற எபிசோடுகளில் உங்களால் உட்கார முடிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

தீர்ப்பு கேட்டால்: 1997 பெர்செர்க் நல்ல படைப்பு, என் கணக்கில் மிக நல்ல படைப்பு. அதன் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, ஓட்டை இருக்கும் இடம் காஸ்கா. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. உங்கள் தோழியை மாற்ற முயலாதீர்கள். அந்தக் கடைசி எபிசோடை ஒரு பெண்ணாக உட்கார்ந்து பார்ப்பது வேறு அனுபவம். அதை 'உனக்குப் புரியவில்லை' என்று சொல்லித் தட்டிவிடுவதுதான் ரசிகர்கள் செய்யும் மட்டமான வேலை. அவருக்கு நன்றாகப் புரிந்ததனால்தான் கோபம் வந்திருக்கிறது.

அடுத்து என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எதையும் பார்க்காதீர்கள், மங்காவுக்குப் போங்கள். சீரிஸ் நின்ற இடம் 13ஆவது தொகுதி என்று சொல்லி அங்கிருந்து தொடங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் தொகுதியிலிருந்து படியுங்கள். அங்கே வருகிற கட்ஸை உங்களுக்குப் பிடிக்காது. அசுரர்களைத் துன்புறுத்திச் சிரிப்பான், குறுக்கே மாட்டிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றிக் கவலையே படமாட்டான். சீரிஸ் பார்க்காமல் படித்தவர்கள் பலர் அங்கேயே மூடி வைத்துவிட்டார்கள். நீங்கள் கிரகணத்தைப் பார்த்துவிட்டுப் போகிறீர்கள், அதனால் தாங்குவீர்கள். மூன்றாவது தொகுதியில் பிரபு ஒருவனின் கதை முடியும். அசுரனாகிவிட்ட அந்த ஆள், உயிர் பிழைக்க மகளைப் பலிகொடுக்கச் சொன்னபோது முடியாமல் நின்றவன். அவன் செத்த பிறகு அந்தச் சின்னப் பெண், உன்னைக் கொல்வேன் என்று கட்ஸிடம் கத்துவாள். கட்ஸ் ஏதோ கடுமையாகப் பேசிவிட்டுத் திரும்பி நடப்பான். நடக்கும்போது அவன் முகத்தை மியுரா ஒரு கட்டத்தில் காட்டியிருக்கிறார். அந்தக் கட்டத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முடிந்தால் உங்கள் தோழியிடமும் அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள், வாதம் செய்யாமல்.